எச்சில்லயும் வயித்துலயும் இருக்கற என்சைம் எல்லா பாலூட்டிக்கும் ஒண்ணுதானா? ஒரு நீளமான பதில்

கேட்டது இதுதான்: சாப்பாடு வாய்க்குள்ள போனதுமே எச்சில்ல செரிமானம் ஆரம்பிச்சிடுதுன்னு ஸ்கூல்ல படிச்சோம், அது மாடு, நாய், பூனை எல்லாத்துக்கும் பொருந்துமா, அந்த எச்சில் என்சைம் வயித்து ஆசிட்ல விழுந்த உடனே செத்துடாதா, கறியையே கரைக்கிற வயிறு தன்னைத்தானே ஏன் கரைச்சிக்கல. சுருக்கமா சொன்னா முதல் கேள்விக்கு "பொருந்தாது", ரெண்டாவதுக்கு "உடனே சாகாது", மூணாவதுக்கு ஒரு வரி பத்தாது. நாம பாடத்துல படிச்ச படம் இருக்கே, வாயில மாவுச்சத்தை உடைக்கற அமைலேஸ், வயித்துல புரதத்தை உடைக்கற பெப்சின், அது மனுஷனோட படம். அதை அப்படியே எல்லா பாலூட்டிக்கும் ஒட்டிட்டாங்க. நெஜத்துல எது என்ன சாப்பிடுதோ அதைப் பொறுத்துதான் அதோட எச்சில்லயும் வயித்துலயும் என்ன என்சைம் இருக்கும்னு முடிவாகுது, சில பாலூட்டிகிட்ட வயித்துல ஆசிடும் பெப்சினும்கூட கிடையாது, அதை கடைசில சொல்றேன்.

முதல்ல எச்சில். நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் சுரக்குது, அதுல பெரும்பகுதி வெறும் தண்ணிதான், ஆனா புரதம்னு பாத்தா அதுல அமைலேஸ்தான் ரொம்ப அதிகம். எச்சில் மாவுச்சத்தை சர்க்கரையா மாத்துதுன்னு 1831லயே லியூக்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் காட்டிட்டாரு, என்சைம்னு ஒரு பேரே அப்ப கிடையாது. மாவுச்சத்துங்கறது குளுக்கோஸ் ஒண்ணோட ஒண்ணு கைகோத்த நீளமான சங்கிலி, அமைலேஸ் அந்த சங்கிலியோட நுனியில இருந்து ஒண்ணொண்ணா கழட்டாது, நடுவுல எங்க வேணா வெட்டும். அதனாலதான் கொஞ்ச நேரத்துலயே கொழகொழன்னு இருந்த மாவுக்கஞ்சி தண்ணி மாதிரி ஆயிடுது, ஆனா குளுக்கோஸ் அவ்வளவா வராது, ரெண்டு மூணு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸ், மால்டோட்ரையோஸ், அப்புறம் கிளை பிரியற இடத்துல வெட்ட முடியாம மிச்சம் நிக்கிற டெக்ஸ்ட்ரின், இதுதான் வரும். கிளையை வெட்டறது சிறுகுடல் சுவர்ல இருக்கற வேற என்சைமோட வேலை.

இதை கண்ணால பாக்கணும்னா ரொம்ப சுலபம். மாவைக் காய்ச்சி ஆறவச்ச நீர்ல கொஞ்சம் எச்சில் கலந்து உடம்பு சூட்டுல, அதாவது 37 டிகிரில வச்சுட்டு, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டுல அயோடின் சொட்டு மேல விடுங்க. முதல் சொட்டு கருநீலம், அடுத்தடுத்த சொட்டு ஊதா, அப்புறம் செங்காவி, கடைசில அயோடின் கலரே மாறாம மஞ்சளா நிக்கும். சங்கிலி நீளம் குறையக் குறைய அயோடின் உள்ள போய் உக்கார இடம் இல்லாம போகுது, அதான் கலர் இறங்குது. மாவை வேகவைக்காம பச்சையா போட்டா இந்த ஆட்டம் இழு இழுன்னு இழுக்கும், ஏன்னா பச்சை மாவுமணிக்குள்ள சங்கிலிங்க இறுக்கமா அடுக்கி இருக்கு, வெந்தாதான் அது உப்பி உடைஞ்சு அமைலேஸுக்கு வழி விடும். இன்னொரு விஷயம், இந்த என்சைமுக்கு குளோரைடு அயனி வேணும், எச்சில்ல இருந்து உப்பை முழுசா நீக்கிட்டா வேகம் பாதாளத்துக்குப் போயிடும், திரும்ப ஒரு துளி உப்பு போட்டா எழுந்துக்கும். கால்சியமும் வேணும், அது இல்லன்னா மூலக்கூறோட உருவமே நிக்காது.

இப்ப மத்த மிருகங்களுக்கு வருவோம். எலி, சுண்டெலி எச்சில்ல அமைலேஸ் கொட்டிக்கிடக்கு, தானியம் தின்னுற ஜாதி ஆச்சே. பன்னிக்கு இருக்கு, ஆனா கம்மி. பூனைக்கு இல்லன்னே சொல்லலாம், நாய்க்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். மாடு, ஆடு, செம்மறி எச்சில்ல அமைலேஸ் இல்ல, குதிரைக்கு இருந்தும் இல்லாத அளவுதான். மாட்டை எடுத்துக்கிட்டா ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல எச்சில் விடுது, ஆனா அது செரிக்கறதுக்கு இல்ல, அதுல பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் நிறைய இருக்கு, பிஹெச் (7க்குக் கீழ போனா ஆசிட், மேல போனா காரம்னு காட்டற அளவு) 8க்கு மேல. மாட்டு வயித்தோட நாலு அறைல முதல் அறையில நுண்ணுயிர் புல்லைப் புளிக்கவைக்கும்போது வர்ற ஆசிடை அடக்கறதுக்குத்தான் அவ்வளவு எச்சில். அந்த பஃபர் குறைஞ்சா உள்ள ஆசிட் ஏறி நுண்ணுயிர்க்கூட்டமே தடுமாறிடும், மாட்டுக்கு திடீர்னு தானியம் அதிகமா வச்சா வர்ற வயித்துக்கோளாறு இதுதான்.

குரங்குகள்ல இன்னும் சுவாரஸ்யம். கன்னத்துல பை வச்சிருக்கற மக்காக் மாதிரி குரங்குகளுக்கு எச்சில்ல அமைலேஸ் நல்லாவே இருக்கு, பைக்குள்ள சாப்பாட்டை அடைச்சு வச்சுக்கிட்டு அலையற நேரத்துலயே மாவுச்சத்து உடைய ஆரம்பிச்சிடும். இலை தின்னுற லங்கூர் வகைக்கு அது கிட்டத்தட்ட இல்ல, இலையில மாவுச்சத்து எங்க இருக்கு, வயித்துலயும் முதல்ல நுண்ணுயிர்தான் வேலை பாக்குது. லங்கூரை ஞாபகம் வச்சுக்குங்க, கீழ திரும்ப வரும்.

ஜீன் கதையும் இதோட சேர்ந்ததுதான். அமைலேஸ் அடிப்படையில கணையத்தோட என்சைம், பாலூட்டிகள்ல பல கிளையில தனித்தனியா அந்த ஜீன் இரட்டிச்சு இரட்டிச்சு அதுல ஒண்ணு எச்சில் சுரப்பில வேலை செய்யற மாதிரி ஆயிருக்கு. மனுஷன்ல எச்சில் அமைலேஸ் ஜீன் பேரு ஏஎம்ஒய்1, அதுக்கு முன்னாடி ஒரு பழைய ரெட்ரோவைரஸோட துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு, எச்சில் சுரப்பில ஸ்விட்ச் விழறதுக்கு அதுக்கும் பங்கு இருக்குன்னு 1990கள் தொடக்கத்துலயே காட்டினாங்க. சிம்பன்சிக்கு இந்த ஜீன் மொத்தம் ரெண்டு காப்பிதான், மனுஷனுக்கு ஆளாளுக்கு மாறும், சிலருக்கு ரெண்டு, சிலருக்கு பத்துக்கும் மேல. 2007ல வந்த ஒரு ஆராய்ச்சில மாவுச்சத்து அதிகமா சாப்பிட்டு வந்த சமூகங்கள்ல சராசரி காப்பி எண்ணிக்கை கூடுதலா இருந்துச்சு, காப்பி கூடினா எச்சில்ல அமைலேஸ் புரதமும் கூடுது. நாய்ல வேற மாதிரி நடந்துச்சு, ஓநாய்க்கு கணைய அமைலேஸ் ஜீன் ரெண்டு காப்பி, நாய்க்கு 4ல இருந்து 30 வரைக்கும்னு 2013ல வந்துச்சு. மனுஷனோட சேர்ந்து மாவுச்சத்து சாப்பிடப் பழகினதோட அடையாளம் அது, ஆனா கவனிங்க, கூடினது கணையத்துல, எச்சில்ல இல்ல. நாய் எதையும் மெல்லாம அப்படியே முழுங்குற பிராணி, வாயில என்சைம் வச்சு அது என்ன பண்ணப்போகுது.

ரெண்டாவது கேள்வி, எச்சில் அமைலேஸ் வயித்துக்குள்ள போனா என்ன ஆகும். வாயில சாப்பாடு இருக்கறது கொஞ்ச நேரம்தான், அதுக்குள்ள மாவுச்சத்துல நூத்துக்கு அஞ்சு பங்குகூட உடையாது. பெரிய வேலை நடக்கறது வயித்துலதான், அது பல பேருக்குத் தெரியாது. முழுங்கின கவளம் வயித்தோட மேல்பகுதில போய் அடுக்கா உக்காருது, அந்த இடம் பிசையாது, சும்மா விரிஞ்சு குடுக்கும், பிசையறதெல்லாம் கீழ்ப்பகுதில. ஆசிட் வெளிப்பக்கத்துல இருந்து உள்ள ஊற நேரம் ஆகும், அதுவரைக்கும் கவளத்துக்கு நடுவுல எச்சில் பிஹெச்தான், அமைலேஸ் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருக்கும், ஒரு மணி நேரம் வரைக்கும்கூட. பிஹெச் 4க்குக் கீழ போனாதான் நிக்குது. உடலியல் பாடநூல்கள்ல சொல்ற கணக்குப்படி வயித்து நீரோட முழுசா கலக்கறதுக்கு முன்னாடியே 30ல இருந்து 40 சதவீத மாவுச்சத்து உடைஞ்சிடுது. இன்னொண்ணு, மாவுச்சத்தும் அதோட துண்டுகளும் அமைலேஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும்போது ஆசிட் அதை அவ்வளவு சுலபமா கெடுக்க முடியாது, வேலை இருக்கறவரைக்கும் பாதுகாப்பும் இருக்கு. அதனால "நல்லா மென்னு சாப்பிடு"ன்னு பெரியவங்க சொல்றதுல அர்த்தம் இருக்கு, வாயிலயே செரிச்சிடும்னு இல்ல, எச்சில் கவளத்துக்குள்ள சீரா கலந்துடும்னு.

கொழுப்புக்கு வருவோம், இதுல புத்தகத்துக்குப் புத்தகம் மாறி எழுதியிருப்பாங்க, காரணம் மிருகத்துக்கு மிருகம் இடம் மாறுறதுதான். 1973ல எலியோட நாக்குல பின்பக்கம் இருக்கற வான் எப்னர் சுரப்பில லைப்பேஸ், அதாவது கொழுப்பை உடைக்கற என்சைம், கண்டுபிடிச்சாங்க, உடனே நாக்கு லைப்பேஸ்னு எல்லா பாடத்துலயும் மனுஷனுக்கும் சேத்து ஏத்திட்டாங்க. எலி, சுண்டெலிக்கு நாக்குல, கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டிக்கு நாக்கு-தொண்டைப் பக்கத்துல, மனுஷன், நாய், முயல், பன்னிக்கு வயித்துல. மூணும் ஒரே குடும்பத்து என்சைம்தான், சுரக்கற இடம்தான் வேற. மனுஷனுக்கு நாக்குல இருந்து வர்றது கணக்குல சேக்கற அளவுக்கு இல்ல, வயித்து லைப்பேஸ்தான் வேலை செய்யுது, பெப்சினோட முன்வடிவத்தைச் சுரக்கற அதே தலைமைச் செல்கள்ல இருந்து வருது. ஆசிட்ல கெடாது, பெப்சின் அதை வெட்டாது, பித்த உப்பு இல்லாமயே வேலை பாக்கும். பெரியவங்களுக்கு கொழுப்புல 10ல இருந்து 30 சதவீதம் இதால உடையுது, மிச்சம் கணையத்துக்கு. ஆனா பொறந்த குழந்தைக்கு இதோட மதிப்பே தனி, குழந்தைக்கு கணைய லைப்பேஸும் பித்தமும் அப்ப கம்மி, போதாததுக்கு பால்ல கொழுப்பு ஒரு சவ்வுக்குள்ள உருண்டையா இருக்கு, கணைய லைப்பேஸால அதுக்குள்ள நேரா நுழைய முடியாது. வயித்து லைப்பேஸ் முதல்ல ஒரு வெட்டு வெட்டி வழி திறந்து விட்டாதான் அது உள்ள போகும். தாய்ப்பால்லயே லைப்பேஸும் எச்சில் வகை அமைலேஸும் கலந்து வருது, குழந்தைக்கு இல்லாததை அம்மா குடுத்து அனுப்புற மாதிரி.

ஆட்டுக்குட்டி, கன்னுக்குட்டியோட அந்த லைப்பேஸை சீஸ் செய்யறவங்க இன்னிக்கும் உபயோகப்படுத்தறாங்க, ப்ரொவலோன், ரொமானோ மாதிரி இத்தாலிய சீஸ்ல மூக்கைத் துளைக்கிற ஒரு காரம் இருக்குமே, அது இந்த என்சைம் பால்கொழுப்புல இருந்து ப்யூட்ரிக் ஆசிட் மாதிரி குட்டிக் கொழுப்பமிலத்தைப் பிச்சு எடுக்கறதால வர்றது.

சரி, பெப்சின். வயிறு சாப்பாட்டை அரைக்குதா இல்ல ரசாயனமா கரைக்குதான்னு 18ஆம் நூற்றாண்டுல ஒரு சண்டையே நடந்துச்சு. ரியோமர்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி 1752ல ஒரு பருந்துக்கு ரெண்டு பக்கமும் திறந்த உலோகக் குழாய்ல கறியை வச்சு முழுங்கவச்சாரு, பருந்து செரிக்காததை வெளிய கக்குற பறவை, குழாய் திரும்பி வந்தப்ப நசுங்கல, ஆனா உள்ள கறி கரைஞ்சிருந்துச்சு. இத்தாலில ஸ்பல்லன்சானி அதை இன்னும் இழுத்துட்டுப் போய் துணிப்பையில சாப்பாட்டைக் கட்டி தானே முழுங்கிப் பாத்தாரு, வயித்து நீரை எடுத்து வெளிய கண்ணாடில வச்சும் கறியைக் கரைச்சுக் காட்டினாரு. 1822ல அமெரிக்காவுல அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒரு இளைஞனுக்கு வயித்துல குண்டடி, பொழைச்சுக்கிட்டான், ஆனா ஓட்டை மூடவே இல்ல. வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் போமான்ட் பட்டு நூல்ல கறித்துண்டைக் கட்டி அந்த ஓட்டை வழியா உள்ள விட்டு, மணிக்கணக்கு வச்சு வெளிய இழுத்து எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாத்தாரு, வருஷக்கணக்கா இதையே பண்ணி 1833ல புத்தகமா போட்டாரு. படிக்கும்போது அறிவியல் பிரமாதம், அந்த ஆளை நெனச்சா பாவமா இருக்கும். வயித்துல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்னு 1824லயே ப்ரௌட் சொல்லிட்டாரு, ஆனா அந்த ஆசிடை மட்டும் தனியா ஊத்தினா கறி அந்த வேகத்துல கரையல, வேற என்னமோ கூட இருக்குன்னு தெரிஞ்சது. 1836ல தியோடர் ஷ்வான் அந்த என்னமோவைப் பிடிச்சாரு, அதுதான் பெப்சின், மிருக உடம்புல இருந்து எடுத்த முதல் என்சைம். 1930ல நார்த்ரப் அதை கிரிஸ்டலா எடுத்து அது புரதம்தான்னு நிரூபிச்சாரு, என்சைம்னா புரதமான்னு அப்ப பெரிய விவாதம் ஓடிட்டு இருந்த நேரம், 1946ல வேதியியல் நோபல் வாங்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

இப்ப மூணாவது கேள்வியோட மையம். செல்லுக்குள்ள பெப்சின் பெப்சினாவே உண்டாகறது இல்ல, பெப்சினோஜன்னு உறையில போட்ட கத்தியா உண்டாகுது. 1880கள்ல லாங்லி இதை ரொம்ப எளிமையா காட்டினாரு: வயித்துச் சுவரை அரைச்சு எடுத்த சாறுல லேசா காரம் (ஆசிடுக்கு நேரெதிர்) சேத்தாலும் அது பிழைச்சுக்கும், அப்புறம் ஆசிட் ஊத்தினா கறியைக் கரைக்கும், ஆனா ஏற்கனவே ஆசிட் பட்டு பெப்சினா மாறினதுல அதே காரத்தைச் சேத்தா ஒரேயடியா செத்துடும். அப்ப செல்லுக்குள்ள இருக்கறது வேற, வயித்து நீர்ல இருக்கறது வேற. எப்படி மாறுதுன்னா, பன்னி பெப்சினோஜன்ல முன்னாடி 44 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு வால் இருக்கு, அதுல நேர்மின்னூட்டம் உள்ள லைசின், ஆர்ஜினின் நிறைய. என்சைமோட உடம்புல எதிர்மின்னூட்டம், ரெண்டும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு அந்த வால் வெட்டற இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பிஹெச் 5க்குக் கீழ இறங்க இறங்க எதிர்மின்னூட்டம் எல்லாம் ஹைட்ரஜனைப் பிடிச்சு நடுநிலை ஆயிடும், பிடி விட்டுப்போகும், வால் விலகும், என்சைம் தன் வாலைத் தானே வெட்டிக்கும். அப்படி விடுதலையான பெப்சின் பக்கத்துல இருக்கற மத்த பெப்சினோஜன் வாலையும் வெட்டும், அதனால ஆரம்பிச்சுட்டா சடசடன்னு பரவிடும். வெட்டறதுக்கு ரெண்டு ஆஸ்பார்டிக் அமிலத்தை நடுவுல வச்சிருக்கு, பிஹெச் 2 பக்கம் அதுக்கு உச்சகட்ட உற்சாகம், பினைல்அலனின், டைரோசின் மாதிரி பெரிய வளையம் இருக்கற அமினோ அமிலத்துக்குப் பக்கத்துல வெட்டப் பிடிக்கும்.

ஆசிட் எங்க இருந்து வருதுன்னா அது வேற செல், பரைட்டல் செல். அது பம்ப் பண்ற ஆசிட் அந்த நிமிஷத்துல பிஹெச் 0.8, ரத்தத்தோட ஒப்பிட்டா ஹைட்ரஜன் அயனி அடர்த்தி முப்பது லட்சம் மடங்குக்கும் மேல, அதுக்கு செல்லோட எரிபொருளான ஏடிபியை செலவு பண்ணித்தான் ஆகணும், அதனால அந்த செல் முழுக்க மைட்டோகாண்ட்ரியா அடைச்சு வச்சிருக்கு. நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் குடுக்கற ஓமெப்ரசோல் வகை மாத்திரை இந்த பம்பைத்தான் அடைக்குது, ஆசிட் குறைஞ்சா பெப்சினோஜன் உறையை விட்டு வர்றதும் குறையும். ரெண்டு செல்லுக்கு வேலையைப் பிரிச்சு விட்டதுலதான் சூட்சுமம், என்சைம் இருக்கற இடத்துல ஆசிட் இல்ல, ஆசிட் இருக்கற இடத்துல என்சைம் இல்ல, ரெண்டும் குழிக்குள்ள இருந்து வெளிய வந்து வயித்தோட உள்பக்கத்துல சந்திச்சாதான் ஆயுதம் ஆகுது.

அப்படியும் வெளிய வந்ததுக்கு அப்புறம் சுவரைத் தொடாதான்னா, சுவர் மேல பிசுபிசுன்னு ஒரு சளிப்படலம் இருக்கு, அதுக்குள்ள கீழ இருக்கற செல்கள் பைகார்பனேட்டை விட்டுக்கிட்டே இருக்கு. பெப்சின் பெரிய மூலக்கூறு, அந்த ஜெல்லுக்குள்ள மெதுவாத்தான் ஊர முடியும், உள்ள வர்ற ஆசிட் வழியிலயே நடுநிலை ஆயிடும், அதனால வயித்து நடுவுல பிஹெச் 2 இருக்கும்போதும் செல்லோட தலைக்கு மேல 7 கிட்ட இருக்கும், அந்த பிஹெச்ல பெப்சின் கை கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். மேல்பரப்பு செல்களும் சில நாளுக்கு ஒரு முறை உதிர்ந்து புதுசா வந்துடுது. ஆக வயிறு தன்னைச் செரிச்சிக்காம இருக்கறது ஒரு சாகாவரம் இல்ல, நிமிஷத்துக்கு நிமிஷம் பராமரிக்கிற ஒரு நிலை. வலிநிவாரணி மாத்திரைகள் சிலது இந்த சளி, பைகார்பனேட் சுரப்புக்குத் தேவையான புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்குது, அப்ப செரிச்சிக்கவும் செய்யும், அதுக்குப் பேருதான் அல்சர். செத்த உடம்புல பராமரிப்பு நின்னுபோகும், வயிறு நெஜமாவே தன்னைக் கரைச்சுக்கும், ஜான் ஹன்டர் 1772லயே பிரேதப் பரிசோதனைல பாத்து எழுதியிருக்காரு.

இவ்வளவு சொல்லிட்டு ஒண்ணு சொல்லணும், பெப்சினுக்கு நாம குடுக்கற மரியாதை கொஞ்சம் அதிகம். மொத்த புரதச் செரிமானத்துல அதோட பங்கு 10ல இருந்து 20 சதவீதம்தான், வயித்தையே எடுத்துட்டவங்களும் புரதத்தைச் செரிக்கிறாங்க, கணையத்து ட்ரிப்சின் கூட்டம் பாத்துக்கும். பெப்சின் தனியா ஜெயிக்கிற இடம் கொலாஜன், கறியோட நாரைக் கட்டி வச்சிருக்கற அந்த இணைப்புத் திசுவை அது அவிழ்த்து விட்டாதான் மத்த என்சைமுக்கு உள்ள போக வழி.

கன்னுக்குட்டில கதை இன்னும் அழகு. மாட்டுக்கு வயிறு நாலு அறைன்னு தெரியும், முதல் மூணுக்கும் சொந்தமா என்சைம் கிடையாது, நாலாவதுதான் நம்ம வயிறு மாதிரி ஆசிட், பெப்சின் எல்லாம் சுரக்கற அறை. கன்னு பால் சப்பும்போது உணவுக்குழாய்க்கு அடில ஒரு பள்ளம் சுருண்டு குழாயா மாறி பாலை முதல் அறைக்குள்ள விடாம நேரா நாலாவதுக்கு அனுப்பிடும். அங்க கைமோசின்னு ஒரு என்சைம் காத்துக்கிட்டு இருக்கு. பால்ல கேசின் புரதம் குட்டிக் குட்டி உருண்டையா மிதக்குது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கறதுக்கு வெளிய கப்பா கேசின்னு ஒரு மயிர்ப்படலம். கைமோசின் அந்த கப்பா கேசின்ல 105ஆவது பினைல்அலனினுக்கும் 106ஆவது மெத்தியோனினுக்கும் நடுவுல, அந்த ஒரே ஒரு இடத்துல வெட்டும். படலம் போயிடும், உருண்டைங்க ஒட்டிக்கும், சில நிமிஷத்துல பால் கெட்டியா உறைஞ்சிடும். எதுக்கு இந்த வேலைன்னா, பால் தண்ணியாவே இருந்தா வயித்துல நிக்காம ஓடிடும், உறைஞ்சா தயிர்க்கட்டி வயித்துல தங்கி மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கரையும், தெளிஞ்ச நீர் மட்டும் முன்னாடி போயிடும். கைமோசின் மத்தபடி புரதத்தை வெட்டறதுல ரொம்ப மந்தம், அதுவும் ஒரு வசதி, ஏன்னா சீம்பால்ல வர்ற தாயோட ஆன்டிபாடி முதல் நாள்ல உடையாம குடலுக்குப் போய் ரத்தத்துல சேரணும், பெப்சினை மொத்தமா அவிழ்த்து விட்டா அதையும் வெட்டித் தள்ளிடும். கன்னு வளர வளர கைமோசின் குறைஞ்சு பெப்சின் ஏறும்.

மனுஷனுக்கு கைமோசின் ஜீன் இருக்கு, ஆனா உடைஞ்சு போன ஜீன், வேலை செய்யாது. நிறைய பழைய பாடப்புத்தகத்துல குழந்தை வயித்துல ரெனின்னு ஒரு என்சைம் பாலை உறைய வைக்குதுன்னு போட்டிருப்பாங்க, அதை நம்பாதீங்க, நம்ம குழந்தைக்கு ஆசிடும் பெப்சினும்தான் உறையவைக்குது. சீஸுக்காக கன்னுக்குட்டி வயித்தையே நம்பியிருந்த காலம் போய், கைமோசின் ஜீனை நுண்ணுயிர்ல வச்சு தயாரிக்க 1990ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு, மரபணு மாத்தின நுண்ணுயிர்ல இருந்து வந்து சாப்பாட்டுக்கு அனுமதி வாங்கின முதல் பொருள் அது. ஒட்டகப் பாலை கன்னுக்குட்டி கைமோசின் சரியா உறையவைக்காது, ஆனா ஒட்டகக் கைமோசின் பசும்பாலை கன்னுக்குட்டியோடதைவிட நல்லாவே உறையவைக்கும்.

பெரிய மாட்டுல நாலாவது அறைக்கு வர்றது வெறும் புல் இல்ல, புல்லைத் தின்ன பாக்டீரியாவும்தான். செல்லுலோஸை உடைக்கற என்சைமை மாடு தன் உடம்புல செய்யறதே இல்ல, முழுக்க முதல் அறை நுண்ணுயிரோட உழைப்பு, அந்த நுண்ணுயிரையே கடைசில மாடு சாப்பிட்டுடுது. அதுக்கு பாக்டீரியா சுவரை உடைக்கணும், அங்கதான் லைசோசைம். நம்ம கண்ணீர், எச்சில்ல இருக்கறது கிருமியை எதிர்க்கற லைசோசைம், மாடு அதே என்சைமோட ஜீனைப் பல காப்பியாக்கி சிலதை வயித்துக்கு அனுப்பி செரிமான என்சைமா மாத்திக்கிச்சு, ஆசிட்ல வேலை செய்யும், பெப்சின் அதை சுலபமா வெட்டாது. இப்ப அந்த லங்கூர். மாட்டுக்கும் குரங்குக்கும் உறவு ரொம்ப தூரம், ஆனா இலையை நுண்ணுயிர் வச்சு புளிக்கவைக்கிற பழக்கம் ரெண்டுக்கும் தனித்தனியா வந்துச்சு, லங்கூரும் லைசோசைமை வயித்துல போட்டுக்கிச்சு, 1987ல ரெண்டோட அமினோ அமில வரிசையையும் வச்சுப் பாத்தா பல இடத்துல ஒரே மாதிரி மாத்தம் நடந்திருக்கு. ஒரே நெருக்கடி ஒரே விடைக்குத் தள்ளும்ங்கறதுக்கு இதைவிட சுத்தமான சாட்சி எனக்குத் தெரிஞ்சு கம்மி.

பூச்சி தின்னுறவங்களுக்கு வேற ஒண்ணு, கைட்டினேஸ். பூச்சி ஓட்டுல இருக்கற கைட்டினை பாலூட்டியால செரிக்க முடியாதுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 2001ல ஆசிட்ல வேலை செய்யற பாலூட்டி கைட்டினேஸ் கிடைச்சது, சுண்டெலி வயித்துல நிறைய. 2018ல பல பாலூட்டிகளோட மரபணுத்தொகுதியை ஒப்பிட்டுப் பாத்தப்ப, நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளோட மூதாதைக்கு இந்த ஜீன் அஞ்சு இருந்திருக்கணும்னு தெரிஞ்சது, பூச்சி தின்னுறதுல அது தங்கியிருக்கு, இலையும் கறியும் தின்னப் போனதுல ஒண்ணொண்ணா உடைஞ்சிருக்கு. நமக்கு முழுசா மிச்சம் ஒண்ணு.

வயித்து என்சைம்னு ஒரு போலியும் உண்டு. 1924ல வயித்துச் சுவர்ல யூரியேஸ் கண்டுபிடிச்சு அது வயித்தோட சொந்த என்சைம்னு வருஷக்கணக்கா எழுதினாங்க. 1950கள்ல ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்தா அது காணாம போச்சு, சொந்த என்சைம்னா எப்படிப் போகும். அது ஹெலிகோபேக்டர் பாக்டீரியாவோடது, யூரியாவை உடைச்சு அமோனியா விட்டு தன்னைச் சுத்தி ஆசிடைத் தணிச்சுக்குது. இன்னிக்கு அந்தக் கிருமி இருக்கான்னு ஊதிப் பாக்கற மூச்சு டெஸ்ட் இந்த யூரியேஸை நம்பித்தான் நடக்குது.

கடைசியா, ஆரம்பத்துல சொன்னேனே வயித்துல ஆசிடும் பெப்சினும்கூட இல்லாத பாலூட்டின்னு, அது பிளாட்டிபஸ், ஆஸ்திரேலியாவுல இருக்கற, முட்டை போடற பாலூட்டி. அதுக்கு வயிறுன்னு சொல்றது உணவுக்குழாய் கொஞ்சம் உப்பின மாதிரி ஒரு இடம், சுரப்பியே கிடையாது. 2008ல மரபணுத்தொகுதியைப் படிச்சப்ப பெப்சினோஜன் ஜீன்கள் இல்ல, ஆசிட் பம்ப் ஜீன் இல்ல, ஆசிடைச் சுரக்கச் சொல்ற காஸ்ட்ரின் ஹார்மோன் ஜீனும் இல்ல, சிலது முழுசா காணோம், சிலது உடைஞ்சு கிடக்கு. அதோட உறவுக்கார எக்கிட்னாவுக்கு பாக்கறதுக்கு பெரிய வயிறு இருக்கு, ஆனா அதுலயும் ஆசிடோ பெப்சினோ சுரக்காது. பிளாட்டிபஸ் தண்ணிக்கு அடில புழு, பூச்சி லார்வா, இறால் வகையைப் பொறுக்கி கன்னப்பையில அடைச்சுக்கிட்டு மேல வந்து கொம்புத்தட்டால நல்லா அரைச்சு முழுங்குது, அது நேரா குடலுக்குப் போய் கணைய என்சைம்ல செரிக்குது. ஏன் வயித்தை விட்டுச்சுங்கறதுக்கு ரெண்டு மூணு ஊகம் இருக்கு, அதுல ஒண்ணு, அது தின்னுற ஜீவன்களோட கால்சியம் கார்பனேட் ஓடு எப்படியும் ஆசிடைக் கொன்னுடும், அப்புறம் எதுக்கு அவ்வளவு ஏடிபி செலவு பண்ணி பம்ப் பண்ணணும்ங்கறது.